பாளையம் வேறு, ஜமீன் வேறு

மகளின் வரலாற்று நோட்டில் நேற்று ஒரு வரி பார்த்தேன்: 'பாளையம் என்றால் ஜமீன்.' மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

பாளையம் என்றால் முதலில் படை தங்கும் இடம். என் பாட்டி வேதாகமத்தைச் சத்தமாகத்தான் வாசிப்பார். எண்ணாகமத்தில் ஓரிடத்தில் 'புறப்பட்டுப்போய்... பாளயமிறங்கினார்கள்' என்று வரிக்கு வரி வரும். சின்ன வயதில் எனக்குத் தெரிந்த பாளையம் அதுதான். கூடாரம், காவல், நாளை கிளம்ப வேண்டிய கூட்டம். சொந்த நிலம் என்ற பேச்சே அதில் கிடையாது. தெலுங்குப் பாளெமு, கன்னடப் பாள்ய எல்லாம் இதே குடும்பம்தான்.

16-ம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரும் தளவாய் (படைத்தலைவர்) அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது மரபு. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களும் ஆளுக்கொன்றாகப் பாளையக்காரர்களின் பொறுப்பாம். கூப்பிட்டால் படையோடு வர வேண்டும், ஊர்களைக் காக்க வேண்டும். அதற்காகத்தான் நிலமும் வரியும். தேசகாவல், ஸ்தலகாவல் என்று காவலுக்கென்றே தனி வரிகள் இருந்தன. சுகமாக உட்கார்ந்து சாப்பிடக் கொடுத்த சொத்து இல்லை அது. (வரி என்ற பெயரில் குடியானவனைப் பிழிந்த பாளையக்காரர்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை.) இந்தப் பாளையக்காரரைத்தான் வெள்ளைக்காரன் வாய் 'பொலிகார்' ஆக்கியது.

1799 அக்டோபர் 16, வெள்ளைக்காரனை எதிர்த்த பாளையக்காரர் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். 1801 அக்டோபர் 24, திருப்பத்தூரில் மருது சகோதரர்களை. அதே டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் அறிவிப்பு வந்தது: இனி யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகளை இடிக்க வேண்டும். என்னைக் கேட்டால் பாளையம் என்ற சொல் செத்த நாள் அதுதான். வேலும் வாளும் போன பிறகு படைவீடு எங்கே?

அடுத்த இரண்டு வருடத்துக்குள் நிரந்தரத் தீர்வை, அதாவது நிலவரியை ஒரேயடியாக நிர்ணயிக்கும் ஏற்பாடு. மிஞ்சிய பாளையங்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி சன்னது (உரிமைப் பத்திரம்) கொடுத்து ஜமீன் ஆக்கியது. ஜமீன் பாரசீகச் சொல், வெறும் 'நிலம்' என்று பொருள். காவல் கடமை போனது, கிஸ்தி (நிலவரித் தவணை) கட்டும் கடமை மட்டும் நின்றது. அதையும் 1948-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

நோட்டில் இருந்த அந்த வரியை அடித்துவிட்டு, மகளிடம் 'படை தங்கிய இடம்' என்று எழுதச் சொன்னேன். "அப்போ மேட்டுப்பாளையத்துலயும் படை இருந்துச்சாப்பா?" என்றாள். எல்லாப் பாளையமும் அந்த 72-ல் சேர்ந்தது இல்லை. உங்கள் ஊர்ப் பெயரில் பாளையம் இருந்தால், அங்கே யார் இறங்கினார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.