ஃபேனைப் போட்டா எல்ஈடி பறக்கும்

மக்கா, வீடியோ கேம் கன்ட்ரோலர்ல நாலு எல்ஈடி சால்டர் பண்ணுறது அவ்வளவு பெரிய குத்தமா? நாகர்கோவில் கடையில 0603 எல்ஈடி கேட்டா, கோயில் கொடைக்குக் கட்டுற சீரியல் செட்டை எடுத்து நீட்டுறாங்க! 0603-ன்னா 1.6 மி.மீ. நீளம், 0.8 அகலம். கடுகளவு. ஃபேனைப் போட்டா பறந்துரும். நிறுத்தினா மூக்குநுனி வேர்வை போர்டுல சொட்டும். குளச்சல் உப்புக்காத்துல போர்டுல எல்ஈடி ஒட்டுற பேடெல்லாம் (சின்னச் செம்புத் தகடு) கறுத்துக் கிடக்கும். கறுப்பை எடுக்குற ஃப்ளக்ஸ் பசை தடவலேன்னா ஈயம் ஒட்டாது, உருண்டு ஓடும். பொறுமை போயி அழுத்தினா பேடே பேந்துரும். 3.7 வோல்ட் பேட்டரியில சிவப்பு எல்ஈடிக்கு கரண்டை மட்டுப்படுத்த ஒரு 330 ஓம் ரெசிஸ்டர் போதும். அதையும் போடாம நேரா குடுத்துட்டு 'எரிஞ்சிட்டு'ன்னு அழுதா? நீலம்னா இன்னொரு கூத்து: 3 வோல்ட் கேக்கும், சார்ஜ் இறங்க இறங்க மங்கும். எல்லாம் முடிச்சு மூடினா ட்ரிக்கர் பட்டனுக்கடியில வயர் நசுங்கும். திரும்பத் திறந்து சால்டரிங் அயர்னை எடுத்தா, கரண்டு போயாச்சு!