லவுஞ்ச் வாசலில் நின்றது அந்தப் பெரியவர் தப்பில்லை

மனைவியோடு மகளைப் பார்க்க வெளிநாடு போன காட்பாடிப் பெரியவரை, நடுவழியில் விமானம் மாறும் ஊரில் லவுஞ்சுக்குள் (விமான நிலையத்தில் பயணிகள் ஓய்வெடுக்கும் தனி இடம்) விடாமல் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மூன்று நாளாக வேலூர் குரூப்புகளில் அதுதான் ஓடுகிறது. "பாதி வழிக்கு பிசினஸ் கிளாஸ் எடுத்துட்டு முழு மரியாதை கேட்டா எப்படி?" என்று ஒருவர் எழுத, கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பெரியவர் டிக்கெட்டில் இருந்தது இரண்டே செக்டர், அதாவது இரண்டு விமானம். சென்னையிலிருந்து ட்ரான்சிட் ஊர் (ஐரோப்பாவில் விமானம் மாறும் இடம்) வரை 10 மணி நேரம், பிசினஸ். அங்கிருந்து மகள் இருக்கும் ஊருக்கு 2 மணி நேரம், எக்கானமி. நடுவில் 6 மணி நேரம் காத்திருப்பு. சென்னையில் லவுஞ்சுக்குள் விட்டார்கள். ட்ரான்சிட்டில் போர்டிங் பாஸை ஸ்கேன் செய்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் முதல் செக்டர் போர்டிங் பாஸை எடுத்துக் காட்டினார். லவுஞ்ச் வாசலில் இருந்த பெண் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். இதில் பேராசை எங்கே இருக்கிறது? சென்னையில் திறந்த கதவு அங்கேயும் திறக்கும் என்று நினைத்தார். யாரும் அவரிடம் வேறு மாதிரி சொல்லவில்லை. விற்றவர் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது அதுதான்: விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

லவுஞ்ச் விதி எப்படி வேலை செய்கிறது என்று சிரித்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் (2014-லிருந்து ஏர் இந்தியாவும் அதில் இருக்கிறது) பிசினஸ் பயணிக்கு லவுஞ்ச் என்பது அந்த விமான நிலையத்திலிருந்து புறப்படப்போகும் விமானத்தின் வகுப்பை வைத்து. எதில் வந்து இறங்கினீர்கள் என்பது கணக்கில் வராது. கையில் இருக்கும் அடுத்த போர்டிங் பாஸ் எக்கானமி என்றால் கூட்டணி விதிப்படி உரிமை கிடையாது. சில நிறுவனங்கள் தங்கள் சொந்த லவுஞ்சில் தாராளமாக விடுவதுண்டு, அது அவர்கள் விருப்பம்.

ஒன்வேர்ல்ட் என்ற இன்னொரு கூட்டணியில் கணக்கே வேறு. 5 மணி நேரத்துக்கு மேற்பட்ட சர்வதேச செக்டர் பிசினஸில் இருந்து, அதே நாளில் அல்லது மறுநாள் காலை 6 மணிக்குள் சின்ன செக்டரில் மாறிப் போனால், நீண்ட செக்டரின் வகுப்பை வைத்தே லவுஞ்ச் உண்டு. பெரியவரின் அதே 10 மணி நேரம், அதே 2 மணி நேரம் ஒன்வேர்ல்ட் டிக்கெட்டாக இருந்திருந்தால் கதவு திறந்திருக்கும். இந்த வித்தியாசம் டிக்கெட் போடுகிறவருக்குத் தெரிய வேண்டிய விஷயமா, எழுபது வயதுக்காரருக்குத் தெரிய வேண்டிய விஷயமா?

இன்னொன்றும் இருக்கிறது. பிசினஸ் கிளாஸ் என்றாலே லவுஞ்ச் உண்டு என்ற காலமும் போய்விட்டது. எமிரேட்ஸ் 2019-ல் கொண்டுவந்த ஸ்பெஷல் பிசினஸ் ஃபேரில் லவுஞ்ச் கிடையாது. சீட், சாப்பாடு பிசினஸ்தான், ஆனால் லவுஞ்ச் ஃபேரிலிருந்து கழன்றுவிடும். எக்கானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் இருக்கும் பிரீமியம் எக்கானமிக்கும் லவுஞ்ச் பெரும்பாலும் கிடையாது. கணவன் எக்கானமி, மனைவி பிசினஸ் என்றால் மனைவி கணவனைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. இந்த இரண்டு கூட்டணியிலும் பிசினஸ் டிக்கெட்டுக்குக் கெஸ்ட் இல்லை, ஃபர்ஸ்ட் கிளாஸுக்குத்தான் ஒருவர்.

ஆம்பூர் பக்கத்துத் தோல் ஏற்றுமதிக்காரர் ஒருவர் கமெண்டில், "நான் எக்கானமியிலேயே போறேன், என்னை எல்லா இடத்திலும் விடுறாங்க, இவரு ஏதோ தப்பாப் பேசியிருப்பாரு" என்று எழுதியிருந்தார். ஐயா, உங்களை விடுவது, அடிக்கடி பறப்பவருக்கு விமான நிறுவனம் தருகிற, உங்கள் பையில் இருக்கும் கோல்டு கார்டுக்காக. ஸ்டார் கோல்டு, ஒன்வேர்ல்ட் சஃபையர் வைத்திருப்பவருக்கு வகுப்பு எதுவானாலும் அந்தக் கூட்டணி விமானத்தில் அன்று போனால் உள்ளே இடம் உண்டு, கூட ஒருவரையும் அழைத்துப் போகலாம். வருஷத்துக்குப் பத்து தடவை பறக்கிறவருக்கு அது. வாழ்க்கையில் இரண்டாவது தடவை விமானம் ஏறுகிறவரை அதே அளவுகோலால் அளக்காதீர்கள்.

இன்னொரு தம்பி டிஜிசிஏவில் (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் இந்திய அரசு அமைப்பு) புகார் கொடுக்கச் சொல்கிறார். நல்ல மனசு, ஆனால் அந்த விதி இதற்குப் பொருந்தாது. 2023 பிப்ரவரி 15 முதல் அமலில் இருப்பது, நீங்கள் வாங்கிய வகுப்பிலிருந்து விமான நிறுவனமே உங்களைக் கீழே இறக்கினால் பணம் திருப்பித் தரும் விதி. உள்நாட்டில் 75 சதவீதம்; வெளிநாட்டுப் பயணத்தில் தூரத்தைப் பொறுத்து 30, 50, 75. பெரியவரை யாரும் இறக்கவில்லை. டிக்கெட்டே அப்படித்தான் போடப்பட்டது.

அப்படி ஏன் போட்டார்கள் என்றும் சொல்கிறேன், ஏஜென்ட் மேல் முழுப் பழியையும் போட விருப்பமில்லை. ஐரோப்பாவுக்குள் ஓடும் சின்ன செக்டரில் பிசினஸ் கிளாஸ் என்பது பெரும்பாலும் அதே எக்கானமி சீட்தான், நடு சீட்டைக் காலியாக விடுவார்கள், சாப்பாடு கொஞ்சம் மேல். 2 மணி நேரத்துக்கு அதற்குக் காசு வேண்டாம் என்று மிச்சம் பிடித்துக் கொடுத்தது சரியான யோசனை. கமிஷன் குறைந்துபோன தொழிலில் ஆற்காடு ரோடு டிராவல்ஸ்காரர்கள் படும் பாடும் தெரியும். ஆனால் அந்த எக்கானமியோடு ட்ரான்சிட் லவுஞ்சும் போய்விடும் என்று ஒரு வரி சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் அண்ணே? "நடுவில் 6 மணி நேரம் இருக்கு, லவுஞ்ச் கிடைக்காது, வேணும்னா காசு கட்டிப் போகிற லவுஞ்ச் பார்த்துக்கலாம்." இவ்வளவுதான். சொல்லியிருந்தால் மகள் அங்கிருந்தே ஏற்பாடு செய்திருப்பாள்.

"எல்லாம் வெப்சைட்டில் போட்டிருக்கு, படிச்சுக்க வேண்டியதுதானே" என்கிறார்கள். அவர் கையில் இருந்த பேப்பரைப் பாருங்கள். பிளாஸ்டிக் கவரில் ஒரு ஏ4 தாள். ஒவ்வொரு செக்டரின் கடைசியிலும் ஒரே ஒரு ஆங்கில எழுத்து. முதல் வரியில் இசட், இரண்டாவது வரியில் கியூ. அவ்வளவுதான். ஜே, சி, டி, இசட் என்றால் பெரும்பாலும் பிசினஸ், ஒய், பி, எம், கியூ என்றால் எக்கானமி என்று அந்தத் தாளில் எங்கேயும் எழுதியிருக்காது, நிறுவனத்துக்கு நிறுவனம் எழுத்தும் மாறும். அந்த ஒற்றை எழுத்தைப் படிக்கத் தெரியாததற்காகவா இத்தனை பேர் சிரித்தீர்கள்?

வாசலில் இருந்த பெண்ணையும் திட்ட வேண்டாம். பல ஊர்களில் விமான நிறுவனத்துக்குச் சொந்த லவுஞ்ச் இருக்காது, வேறொருவர் நடத்தும் லவுஞ்சுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டும். ஸ்கேனர் ஒப்புக்கொள்ளாத ஆளை உள்ளே விட்டால் அந்தப் பணம் யார் தலையில் விழும் என்பது அந்தப் பெண்ணின் கவலை. வாசலில் வாதாடிப் பயனில்லை என்பதும் இதனால்தான்.

"லவுஞ்ச் என்ன அத்தியாவசியமா, வெளியே நாற்காலி இல்லையா?" இந்தக் கேள்விதான் ரொம்ப வலித்தது. வேலூரிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 130 கிலோமீட்டர். வாலாஜா டோல், ஸ்ரீபெரும்புதூர் நெரிசல் எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் முன்னாடியே கிளம்பணும், கவுண்டருக்கு இன்னும் மூன்று மணி நேரம் முன்னாடி. அப்புறம் 10 மணி நேரம் ஆகாயத்தில். கூட வந்த அம்மா சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர், நேரத்துக்கு ஏதாவது வயிற்றில் போட வேண்டும். கால் வீங்கியிருக்கும். சாய்ந்து உட்கார ஒரு இடம், சுத்தமான கழிப்பறை, சூடாக ஏதாவது, இவ்வளவைத்தான் அவர்கள் எதிர்பார்த்தார்கள். அதற்கு மகள் உழைத்துச் சம்பாதித்த பணம் போயிருக்கிறது. பெற்றவர்கள் வசதியாக வரட்டும் என்று ஒரு பெண் செலவு செய்ததை இங்கே உட்கார்ந்து கேலி செய்ய எப்படி மனசு வந்தது?

இந்த சீசனில் அப்பா அம்மாவை அனுப்புகிற பிள்ளைகள் டிக்கெட் போடும்போது தேடல் பக்கத்தில் "மிக்ஸ்டு கேபின்" (ஒரே டிக்கெட்டில் வெவ்வேறு வகுப்பு) என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒவ்வொரு செக்டரையும் தனியாகத் திறந்து எது எக்கானமி என்று பாருங்கள். ட்ரான்சிட்டில் லவுஞ்ச் உண்டா என்று ஏஜென்டிடம் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், வாய்ப் பேச்சு வேண்டாம். சென்னை செக்-இன் கவுண்டரில் லவுஞ்ச் சீட்டு தருவார்களா என்று அங்கேயே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் ட்ரான்சிட்டில் காசு கட்டிப் போகும் லவுஞ்ச் எந்தப் பக்கம் என்று முன்பே பாருங்கள். ஷெங்கன் (ஐரோப்பாவில் ஒரே விசாவில் போகக்கூடிய நாடுகள்) ஊர்களில் பாஸ்போர்ட் சோதனை தாண்டிவிட்டால் இந்தப் பக்க லவுஞ்சுக்குத் திரும்பி வர முடியாது. இங்கே இரண்டு ரூபாய்க்குத் தேய்த்து உள்நாட்டு லவுஞ்சுக்குள் போகிற வங்கி கார்டை நம்பி அனுப்பாதீர்கள், வெளிநாட்டில் அது செல்லாமல் போகலாம்.

பெரியவரின் மகளைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். திரும்பி வரும்போது வரிசை தலைகீழ். மகள் ஊரில் ஏறும் சின்ன செக்டர் எக்கானமி, அங்கே லவுஞ்ச் இருக்காது. ஆனால் ட்ரான்சிட்டில் சென்னைக்கு ஏறுவது பிசினஸ். அதே கதவு, அதே ஸ்கேனர், இந்தத் தடவை உள்ளே விடுவார்கள். போன தடவை பட்ட அவமானத்தில் அந்தப் பக்கமே போகாமல் வெளியே உட்கார்ந்துவிடப் போகிறார்கள். சென்னை போர்டிங் பாஸைக் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.