பாதி எலும்பு, பாதி பிளாஸ்டர்

டைனோசூகஸ் பற்றி எந்த வீடியோவைத் திறந்தாலும் "50 அடி நீளம், டைனோசரையே தின்ற முதலை" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்த 50 அடி எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

1940-இல் டெக்சாஸின் பிக் பெண்ட் பகுதியில் சில தாடை, மூக்கு எலும்புத் துண்டுகள் கிடைத்தன. நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அவற்றை வைத்து ஒரு முழு மண்டையோட்டையே கட்டியது. எலும்பு இல்லாத இடமெல்லாம் பிளாஸ்டர். உருவத்துக்கு மாதிரி, இன்றைய கியூபா முதலை. அதை வைத்துப் போட்ட கணக்குதான் 15 மீட்டர், அதாவது அந்த 50 அடி. பிளாஸ்டர் வைத்ததில் தப்பே இல்லை, கையில் இருந்தது அவ்வளவுதான். அனுமானத்தை அளந்து பார்த்த கணக்குபோல இன்றுவரை பரப்புகிறோமே, அதுதான் எரிச்சல். 2002-இல் தொல்லுயிர் ஆய்வாளர் டேவிட் ஷ்விம்மர் கிழக்கு அமெரிக்காவில் வாழ்ந்தவை சுமார் 8 மீட்டர், மேற்கில் 12 மீட்டர் வரை என்று குறைத்துவிட்டார். சரி, 12 மீட்டர் என்றாலும் ஒரு டவுன் பஸ் நீளம். போதாதா?

டைனோசரைக் கடித்தது பொய்யில்லை. அலபாமாவில் கிடைத்த அப்பலாச்சியோசாரஸ் என்ற டைனோசரின் வால் எலும்பில், கடிபட்டு ஆறிய தழும்பு இருக்கிறது. கடித்தது டைனோசூகஸ் என்றே கருதுகிறார்கள். ஆனால் ஆமை ஓடுகளிலும் அதன் பல் தடம் உண்டு. ஆமை தின்றதை யார் வீடியோ போடுவார்கள்!

என்னை அசத்தியது வேறு. முதுகுக் கவச எலும்பை அறுத்து, உள்ளே இருக்கும் வளர்ச்சி வளையங்களை எரிக்சன், புரோச்சு என்ற இரு ஆய்வாளர்கள் எண்ணி, 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். டைனோசர்கள்போல இது அசுர வேகத்தில் வளரவில்லை. இன்றைய முதலைகளின் நிதானத்திலேயே, ஆனால் 35 வருஷத்துக்கும் மேலாக வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

அப்புறம், இது அலிகேட்டர் என்ற அகன்ற மூக்கு முதலை வகையின் வம்சம்தான் என்கிற அந்த "அலிகேட்டரின் பெரியப்பா" கதை. 2025-இல் வந்த ஓர் ஆய்வு, அலிகேட்டரும் மற்ற முதலைகளும் பிரிவதற்கு முன்பே கிளைத்த வம்சம் இது என்கிறது. எனக்கு அது சரியென்றே படுகிறது. அன்று வட அமெரிக்காவை ஒரு கடல் இரண்டாகப் பிளந்திருந்தது; இதன் எலும்புகளோ இரு கரையிலும் கிடைக்கின்றன. அலிகேட்டருக்கு உப்புத் தண்ணீரில் வெகுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. டைனோசூகஸ் அதே வம்சம் என்பவர்கள், அது அந்தக் கடலின் இருபுறமும் எப்படிப் பரவியது என்பதற்குப் பதில் சொல்லட்டும்.