அம்மா உட்கார ஒரு படிகூடக் கிடையாதா?

விசில் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ரோமில் எங்களுக்கு முதல் நாள், ஜூன் மாத வெயில், மணி பதினொன்றரை. ஸ்பானியப் படிகள் என்ற பழைய, அகலமான கல் படிக்கட்டில் மூன்றாவது படி வரை ஏறிய அம்மா, பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்காரப் போனார். அறுபத்தாறு வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவர், ஒரு காலை நீட்டி, மறு காலை மடக்கி, புடவையை ஒதுக்கி உட்கார அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும். முழுசாக உட்காரக்கூட இல்லை, அதற்குள் விசில். மேலிருந்து ஒரு நகரக் காவலர் கையை ஆட்டி எழுந்திருக்கச் சொல்கிறார். அம்மாவுக்கு என்ன தப்பு செய்தோம் என்றே புரியவில்லை. பதறி எழுந்ததில் முட்டி பிடித்துக்கொண்டது. நான் அவருடைய முட்டியைக் காட்டி, கையைக் கூப்பிக்கூடக் கேட்டுப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்து விசில் ஊதப் போய்விட்டார். "விடுடி, நான் நின்னுக்கறேன்" என்றார் அம்மா. அந்த வார்த்தையில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது.

2019 முதல் இந்தப் படிகளில் உட்காரக் கூடாதாம். உட்கார்ந்தால் 250 யூரோ, படியை அசுத்தப்படுத்தினாலோ சேதப்படுத்தினாலோ 400 யூரோ வரை அபராதம். சரி, காரணம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து, ஒயின் கொட்டி, சூயிங்கம் ஒட்டி, கல் கறைபட்டுப் போயிருந்தது. ஒரு நகை நிறுவனம் 15 லட்சம் யூரோ கொடுத்து, 2016இல்தான் சுத்தம் செய்து திறந்தார்கள். அப்படியென்றால் சாப்பாட்டைத் தடை செய்யுங்கள், பாட்டிலைத் தடை செய்யுங்கள், குப்பை போடுகிறவனைப் பிடியுங்கள். உட்காருவதை ஏன் தடை செய்கிறீர்கள்? ஒரு வயசான அம்மா ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் கல் தேய்ந்துவிடுமா? 1723இல் தொடங்கி 1725இல் கட்டி முடித்தது, மொத்தம் 135 படி, நடுநடுவே அகலமான தளங்கள். இவ்வளவு அகலமாகப் படி கட்டினால் மனுஷன் உட்காரத்தானே செய்வான்! கிட்டத்தட்ட 300 வருஷமாக எல்லோரும் அங்கே உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

அன்று இரவு இதைப் பற்றித் தேடிப் படித்தபோது இன்னும் ஆத்திரம் வந்தது. 2022 மே மாதம் ஒருவர் மஸராட்டி காரை இந்தப் படிகளில் ஓட்டி இறக்கியிருக்கிறார். அடுத்த மாதமே இரண்டு சுற்றுலாப் பயணிகள் வாடகை ஸ்கூட்டரைப் படியில் தூக்கி எறிந்து, 25,000 யூரோ அளவுக்குச் சேதம். அவர்களுக்குப் போட்ட அபராதம் ஆளுக்கு 400 யூரோ. சும்மா உட்கார்ந்தவருக்கு 250, கல்லை உடைத்தவருக்கு 400! இது என்ன கணக்கு?

படி இல்லையென்றால் வேறெங்காவது உட்காரலாம் என்றால், எங்கே? பெஞ்சைத் தேடி அலைந்தோம். ரோம் நடுவூரில் தெரு முழுக்க கரிய சதுரக் கற்கள் பதித்திருப்பார்கள், பார்க்க அழகுதான், ஆனால் ஒன்று மேடு, ஒன்று பள்ளம், இடுக்கில் செருப்பு மாட்டும். நல்ல காலுக்கே பத்து நிமிடத்தில் வலி எடுக்கிற தரை அது. அதில் அம்மாவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு ஒரு காபிக் கடைக்குள் போனேன். கவுண்டரில் நின்று குடித்தால் காபி 1.30 யூரோ. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து குடித்தால் அதே காபி, அதே சின்னக் கோப்பை, 5 யூரோ. விலைப் பலகையிலேயே இரண்டு வரிசையாகப் போட்டிருக்கிறார்கள், இத்தாலியில் இது வழக்கம்தான், அந்தக் கடைக்காரர் ஏமாற்றவில்லை. எனக்குக் கோபம் கடைக்காரர்மேல் இல்லை. நகரம் பொது இடத்தில் போதுமான பெஞ்சு போடாமல் விட்டால், உட்காருவது விற்கிற பொருளாகத்தானே ஆகும். இருவருக்கும் 10 யூரோ கொடுத்து உட்கார்ந்தோம். அம்மா அந்தத் தொகையை மனசுக்குள் ரூபாயாக்கிவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது, காபி ஆறுவதற்குள் "போலாமா" என்று எழுந்துவிட்டார்.

தண்ணீர் விஷயத்தில் இந்த ஊரைக் குறை சொல்லவே மாட்டேன். 1874 முதல் தெருவுக்குத் தெரு வளைந்த மூக்கு வைத்த இரும்புக் குழாய்கள், ஆயிரக்கணக்கில், இரவு பகலாகக் குளிர்ந்த நல்ல தண்ணீர், இலவசம். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிட்டு வரும், குனியாமலே குடிக்கலாம். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்தது. தண்ணீருக்கு இவ்வளவு யோசித்த ஊர், பக்கத்திலேயே ஒரு கல் பெஞ்சு போட யோசிக்காதா? பியாத்சா நவோனா என்ற சதுக்கத்தில் பெஞ்சுகள் இருக்கின்றன, ஆனால் நாங்கள் போனபோது ஒவ்வொன்றையும் சுற்றி இடம் பிடிக்க ஆள் நின்றது. கடைசியில் ஒரு தேவாலயத்தில்தான் அம்மா நிம்மதியாக உட்கார்ந்தார், செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் குளிர்ந்த பளிங்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். இருபது நிமிடம்கூட இல்லை, மதியம் கதவடைக்கும் நேரம் என்று சாவிக்கொத்தோடு ஒருவர் வந்துவிட்டார்.

மாலையில் கொலோசியம், பழைய ரோமானியர்களின் பிரம்மாண்ட அரங்கம். 18 யூரோ டிக்கெட் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது, வாங்கி மறுபடி விற்கிறவர்கள் அதையே மும்மடங்கு விலைக்கு வைத்திருந்தார்கள், அதற்குத் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும். வெளியே நின்றுதான் பார்த்தோம். வளைவுகளின் மேல் ரோம எண்கள் வெட்டியிருக்கிறார்கள், எந்த வாசல் வழியாகப் போனால் உன் இருக்கை வரும் என்று காட்டுவதற்கு. கி.பி. 80இல் திறந்தபோது குறைந்தது 50,000 பேர் அங்கே உட்கார்ந்து பார்க்கலாம், காசு கிடையாது. வெயில் அடிக்காமல் இருக்க மேலே துணிப்பந்தல், அதை இழுத்துக் கட்ட கடற்படை மாலுமிகள். உள்ளே நடந்தது ரத்தக் களரி, அதை நான் புகழவில்லை. ஆனால் வந்த கூட்டம் உட்கார வேண்டும், நிழல் வேண்டும் என்று இதே ஊரில் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது இல்லையா? இன்றைக்கு அதன் வெளியே, கொதிக்கிற கல் தரையில், என் அம்மா விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்றார். பக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் தன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது பஸ். டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். ஜன்னலோரம் இடம் கிடைத்தது, அம்மா உட்கார்ந்து இரண்டு கையாலும் முட்டியை நீவிக்கொண்டே வந்தார். நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அம்மா என்னைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பவில்லை, கடைசி நிறுத்தம் வரை போனோம்.