'அப்' என்றால் இணைப்பு உண்டா?

லினக்ஸ் கணினியில் நெட்வொர்க் இணைப்பின் நிலையைப் பார்க்கும்போது 'அப்' (UP) என்று காட்டினாலே இணைப்பு உண்டு என உங்கள் கட்டுரையில் எழுதியிருப்பது சரியில்லை சார். அது நாம் கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) இந்த இணைப்பை இயக்கு என்று போட்ட உத்தரவு மட்டும்தான். கம்பியில் சிக்னல் இருந்தால்தான் 'லோயர்_அப்' வரும், இல்லாவிட்டால் 'நோ-கேரியர்'.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு மீன் கம்பெனியின் கணினிகளை நான்தான் பார்க்கிறேன். உப்புக்காற்றில் நெட்வொர்க் கம்பியின் ஆர்ஜே45 முனை களிம்பேறி, இணைப்பு போய்ப் போய் வந்தது. இன்னொரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்க பிங் அடித்தால் பாதி நேரம் பதில் வரும், அதனால் கம்பிமேல் யாருக்கும் சந்தேகமே இல்லை. 'ஐபி மானிட்டர் லிங்க்' என்ற கட்டளையை ஓடவிட்டேன். ஒவ்வொரு அறுப்பையும் கர்னலே நெட்லிங்க் (நிரல்களோடு கர்னல் பேசும் வழி) வழியாகச் சொல்லிக்கொண்டு வந்தது. சிக்னல் எத்தனை முறை போய் வந்தது என்று காட்டும் 'கேரியர்_சேஞ்சஸ்' எண்ணும் ஏறிக்கொண்டே போனது. பழைய கட்டளையான இஃப்கான்ஃபிக் அப்படியில்லை, நாம் கேட்டால்தான் வாய் திறக்கும்.

முனையை வெட்டிப் புதிதாக அடித்தேன், அறுப்பு நின்றுவிட்டது.