கேட் கவனமாக இடிக்கப்பட்டது

(வெள்ளிக்கிழமை மாலை. ரிவர்ஸ் எடுக்கும்போது ஆபீஸ் கேட்டை வளைத்துவிட்டு வந்திருக்கிறார் டிரைவர். மேனேஜர் ஆங்கிலத்தில் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு ஆங்கில டீச்சரின் திண்ணை.)

டிரைவர்: டீச்சர், ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும். ஒரே நிபந்தனை, அதில் நான் இருக்கக் கூடாது.

டீச்சர்: கேட்டை இடித்தது நீங்கள்தானே அண்ணே?

டிரைவர்: அது ஊருக்கே தெரியும். கடிதத்துக்குத் தெரிய வேண்டாம்.

டீச்சர்: சரி, அப்படியென்றால் செயப்பாட்டு வினைதான். 'ஐ டேமேஜ்டு தி கேட்' என்பதைத் திருப்பிப் போட்டால் 'தி கேட் வாஸ் டேமேஜ்டு பை மீ'. அந்த 'பை மீ'யை வெட்டிவிட்டாலும் இலக்கணம் கோபித்துக்கொள்ளாது.

டிரைவர்: அடடா, வெள்ளைக்காரன் நம்ம ஆள்தான்! ஆனால் மொட்டையாக இருக்கிறதே. நான் கவனமாகத்தான் வந்தேன், அதையும் சேர்த்துவிடுங்கள்.

டீச்சர்: எப்படி நடந்தது என்று சொல்கிற சொல் பெரும்பாலும் 'வாஸ்'ஸுக்கும் 'டேமேஜ்டு'க்கும் நடுவில் வந்து உட்காரும். 'தி கேட் வாஸ் கேர்ஃபுல்லி டேமேஜ்டு.'

டிரைவர்: பிரமாதம்!

டீச்சர்: என்ன பிரமாதம்? கேட் கவனமாகச் சேதப்படுத்தப்பட்டது. அதாவது அளந்து, குறி பார்த்து, பதவிசாக இடித்திருக்கிறீர்கள்.

டிரைவர்: ஐயோ! ஆளையே எடுத்துவிட்டோமே, அப்புறம் கவனம் யாருடையது?

டீச்சர்: வம்பே அங்கேதான். 'பேட்லி' என்று போட்டால் கேட் எவ்வளவு அடிபட்டது என்பதோடு விஷயம் முடிந்தது. 'கேர்ஃபுல்லி', 'டெலிபரேட்லி' (வேண்டுமென்றே) எல்லாம் இடித்தவன் மனசைக் காட்டிக்கொடுக்கிற சொற்கள். ஆளைப் பீரோவில் ஒளித்துவிட்டு அவன் செருப்பை வாசலில் விட்டுவைத்த மாதிரி.

டிரைவர்: செருப்பை எடுத்துவிடுங்கள் டீச்சர்.

டீச்சர்: 'பை மிஸ்டேக்' என்று போடலாமா?

டிரைவர்: 'பை'க்குப் பின்னால் செய்தவன்தானே வருவான், 'பை மீ' மாதிரி? யார் இந்த மிஸ்டேக்? புதுசாகச் சேர்ந்த டிரைவரா?

டீச்சர்: 'பை மீ' என்றால் ஆள். 'பை மிஸ்டேக்', 'பை ஹேண்ட்' என்றால் விதம். நம் ஊர் 'ஆல்' உருபு மட்டும் என்னவாம்? 'தச்சனால் செய்யப்பட்டது', 'உளியால் செய்யப்பட்டது', இரண்டுக்கும் அதே ஆல்தானே?

டிரைவர்: மிஸ்டேக் என்று எழுதினால் யார் மிஸ்டேக் என்று கேட்பார்.

டீச்சர்: 1987-இல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தைப் பற்றிப் பேசும்போது 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்றார். பெரிய தவறுகள் செய்யப்பட்டன. யாரால்? வாக்கியத்தில் ஆளே இல்லை.

டிரைவர்: அவரும் ரிவர்ஸில்தான் வந்திருப்பார்.

டீச்சர்: 1876-இல் இன்னொரு அமெரிக்க ஜனாதிபதி கிராண்டும் தவறுகள் செய்யப்பட்டன என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் அதை ஒப்புக்கொள்கிறேன் என்று கூடவே சேர்த்துவிட்டார்.

டிரைவர்: அவசரப்பட்டுவிட்டார் மனுஷன்.

டீச்சர்: 'வாஸ்'ஸுக்குப் பதில் 'காட்' போட்டுப் பார்க்கலாம். 'தி கேட் காட் டேமேஜ்டு.' ஏதோ விபத்தில் மாட்டிக்கொண்டது போல ஒலிக்கும்.

டிரைவர்: கடவுள் மேல் பழி போடுவதா? வெள்ளிக்கிழமை அதுவுமாக?

டீச்சர்: அந்தக் காட் இல்லை அண்ணே, இது 'கெட்'டின் இறந்த காலம். ஆனால் பேச்சுக்குத்தான் பொருந்தும், ஆபீஸ் கடிதத்துக்குக் கொஞ்சம் இளப்பம்.

டிரைவர்: அப்படியானால் வேண்டாம். பழி கேட் மேலேயே விழுகிற மாதிரி ஒன்றும் இல்லையா?

டீச்சர்: இருக்கிறது! 'திஸ் கேட் பெண்ட்ஸ் ஈஸிலி.' இந்தக் கேட் சுலபமாக வளையும். பார்ப்பதற்குச் செய்வினைதான், ஆனால் வளைத்தவன் பேச்சே எழாது. இதில் 'ஈஸிலி' ரொம்ப முக்கியம், அது இல்லாவிட்டால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். கார் விளம்பரங்களில் 'டிரைவ்ஸ் ஸ்மூத்லி' என்று போடுவதும் இந்த வகைதான்.

டிரைவர்: இதுதான் டீச்சர், இதையே எழுதுங்கள்! தப்பு கேட்டின் தரத்தில்... ஐயையோ, அடித்துவிடுங்கள்.

டீச்சர்: ஏன்?

டிரைவர்: கேட் செய்து கொடுத்தது மேனேஜரின் மச்சான்.

டீச்சர்: (பேப்பரைக் கசக்குகிறார்) சரி. 'தி கேட் வாஸ் ஆக்சிடென்டலி டேமேஜ்டு.' தெரியாமல் நடந்துவிட்டது, அவ்வளவுதான். ஆள் வெளியே தெரியமாட்டார். இதோடு வேறு எதையும் கொடுக்க வேண்டியதில்லையே?

டிரைவர்: இல்லை. டிரிப் ஷீட்டை மட்டும் பின் செய்ய வேண்டும்.

டீச்சர்: எங்கே, கொடுங்கள். அண்ணே, இங்கே 'டிரிவன் பை', அதாவது 'யாரால் ஓட்டப்பட்டது' என்று அச்சடித்து, பக்கத்தில் கோடு போட்டிருக்கிறார்களே. அதில் உங்கள் பெயரை யார் எழுதினது?

டிரைவர்: காலையிலேயே நான்தான் எழுதினேன். பை ஹேண்ட்.