ஏர் கன் வந்தாலும் வந்தது

பஞ்சர் கடைக்குக் காத்தால நட்டு முறுக்குற ஏர் கன் வந்தாலும் வந்தது, வீல் நட்டைக் கையால திருகுற பழக்கமே குன்னூர்ல ஒழிஞ்சுபோச்சு. முதல் நாலு சுத்து விரலால போடணும், அப்புறம்தான் ஸ்பேனர். மரை கோணலா ஏறினா விரலுக்குத் தெரியும், கன்னுக்கு எப்படித் தெரியும்? 'டர்ர்ர்'னு ஒரே அழுத்து. சின்ன காருக்கு 100 நியூட்டன் மீட்டர் பக்கம் முறுக்கு போதும். இவங்க எவ்வளவு ஏத்துறாங்கன்னு இவங்களுக்கே தெரியாது. நட்டு ஏறுற போல்ட்டு, அதான் ஸ்டட், இழுபட்டு, மரை மழுங்கி, நட்டு முனையெல்லாம் உருண்டையாயிடுது.

அது நமக்கு எங்க தெரியவரும்? மலை ரோட்டுல பர்லியாருக்கும் காட்டேரிக்கும் நடுவுல, மழையில, ஸ்டெப்னி மாத்தும்போது. வீல் ஸ்பேனர் மேல ஏறி மிதிச்சாலும் அசையாது. அசைஞ்சா ஸ்டட்டோட உடைஞ்சு வருது. ஒண்ணு போனா பாரம் மத்ததுங்க தலையில. அப்படியே மேட்டுப்பாளையம் வரைக்கும் வளைவு வளைவா இறங்க யாருக்கு மனசு வரும்?

ஸ்டட் என்னவோ சில்லறைக் காசு சாமான்தான். ஆனா 'ஸ்டாக் இல்ல சார், கோயம்புத்தூர்ல இருந்து வரணும்.' வந்தாலும் சில வண்டியில சக்கரம் மாட்டுற ஹப்பையே கழட்டணும், கூலி தனி. கேட்டா, 'லூசா விட்டா சக்கரம் கழண்டுடும் சார்'னு நமக்கே பாடம். முறுக்கை அளந்து இறுக்குற டார்க் ரெஞ்ச் ஒண்ணு சுவத்துல தொங்கத்தான் செய்யுது, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க.